குரல் நின்ற நாற்பது விநாடி

செய்தி வந்தபோது ஒரு கட்டுக் கம்பி எனக்கு எதிரே ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாக்கி டாக்கியை வாயருகே பிடித்து, "இறக்கு, இறக்கு, மெல்ல, மெல்ல, மெல்ல" என்று கிரேன் ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. கட்டு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்து, கொக்கி கழன்று மேலே போன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். தனம் அக்காவின் எண்ணிலிருந்து வந்திருந்தது. "அம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. ஃபேரர் பார்க்ல, எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழதான் வச்சிருக்கோம். நாளைக்கு மதியம் எடுக்கிறோம்." அக்காவின் போனே அக்கா போய்விட்டதைச் சொன்னது; அனுப்பியது அவர் மகன். அடுத்த லோடு வருவதற்கு மூன்று நிமிடம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன், பிறகு எப்போதும்போல அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அக்காவின் மகன் பிரகாஷ் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும்போது நான் எதையாவது எழுதிக்கொண்டு வந்து உங்களைப் பிடித்து உட்காரவைத்து வாசிப்பவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத வரவில்லை. கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து வரும் லாரியில் கொஞ்சம், தேநீர் இடைவேளையில் நின்றுகொண்டே கொஞ்சம் என்று ஐந்து நாளாக எழுதுகிறேன். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன். கிழித்த தாள்களில் அக்கா உழைப்பாளி, தைரியசாலி, எல்லோருக்கும் உதவுபவர் என்றெல்லாம் இருந்தது. அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் நான் சொல்ல வேண்டியது அந்தத் தாள்களில் இல்லாததால்தான் கிழித்தேன்.

அவரைத் தெரியாதவர்கள் யாராவது வந்திருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தனலெட்சுமி என்பது முழுப்பெயர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டி இறக்கும் கிரேனை ஓட்டியவர். அங்கிருந்த வேலை வேறு பக்கம் போனபோது, கட்டுமானத் தளத்துக்கு வந்து டவர் கிரேன் ஏறினார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் முப்பது மாடி உயரத்துக்கு ஏணி ஏறுவதை நான் முதன்முதலில் பார்த்தது அவரிடம்தான். தோளில் ஒரு துணிப்பை. அதில் தயிர்ச்சோறு, வாழைப்பழம், ஒரு சிறிய தண்ணீர் பாட்டில். மேலே கழிப்பறை கிடையாது என்பதால் அந்தப் பாட்டிலில் பாதிகூடக் குடிக்க மாட்டார். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்.

கீழே நின்று அவருக்கு வழி சொல்லும் வேலை என்னுடையது. கிரேன் ஓட்டுபவருக்குப் பல சமயம் லோடு கண்ணில் படாது, கட்டடம் மறைக்கும். கீழே இருப்பவனின் குரல்தான் அவருக்குக் கண். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லோடு நகரும்வரை கீழே இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "ஏத்து, ஏத்து, ஏத்து" என்றோ "இடது, இடது, இடது" என்றோ விடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் மேலே இருப்பவர் எதையும் கேட்காமல் கிரேனை நிறுத்திவிட வேண்டும். கீழே இருப்பவன் மயங்கி விழுந்தானோ, கருவி கெட்டதோ, என்ன நடந்ததோ, முதலில் நிறுத்து, பிறகு கேள்.

முதல் நாள் ஏணியில் கால் வைக்கும் முன் அக்கா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "பேரு என்னா?"

"கருணாகரன் அக்கா."

"கருணா, உன் மூஞ்சி எனக்கு மேலேருந்து தெரியாது லா. உன் குரல்தான் தெரியும். உன் குரல் நின்னா என் கை நிக்கும். அத மட்டும் ஞாபகம் வச்சுக்க."

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஒருநாள் வேலை பின்தங்கிவிட்டதென்று தள மேலாளர் என் கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கி, "கம் கம், ஃபாஸ்ட் ஃபாஸ்ட்" என்று கத்தினார். மேலே கிரேன் அப்படியே நின்றது. அவர் கத்தக் கத்த அது அசையவில்லை. ஒரு நிமிடம் கழித்து எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அக்காவின் குரல் வந்தது: "கருணா எங்க? அவன்கிட்ட குடுங்க. எனக்கு ஒரு குரல்தான் கேக்கும்." மேலாளர் முகம் சிவந்து கருவியைத் திருப்பிக் கொடுத்தார். நான் "ஏத்து" என்றேன். கிரேன் ஏறியது. அன்று சாயங்காலம் லாரியில் போகும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என் குரலை நம்பி முப்பது மாடி உயரத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு அதுவரை எனக்கு எந்த வேலையிலும் வந்ததில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். ஆறு வருடம் ஆகிறது. தஞ்சோங் பகாரில் ஒரு அலுவலகக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். விடியும் முன் பெய்த மழை நின்று, வானம் சாம்பலாக இருந்தது. எட்டு மணிக்கு முதல் லோடு. கம்பிக் கட்டைப் பத்தாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். அதற்காக நான் அந்த மாடியின் ஓரத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் துறைமுகத்தின் காலி நிலமும் அதற்கப்பால் கடலும். "ஏத்து, ஏத்து, ஏத்து" என்று சொல்லிக்கொண்டே லோடின் பின்னால் கண்ணை ஓட்டியபோது, அந்தக் காலி நிலத்துக்கு மேலே அது நின்றிருந்தது.

அது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். பார்த்ததைச் சொல்கிறேன். ஈரச் சிமெண்டின் நிறம். மாடித் தண்ணீர்த் தொட்டி அளவு இருக்கும். இறக்கை இல்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கொடி கிழக்கே பறந்தது. அது அசையாமல் நின்றது. பிறகு காற்றுக்கு எதிராக, மேற்கே, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. பிறகு மேலே போனது. நம் லிஃப்ட் போவதுபோல நேராக ஏறி, மேகத்துக்குள் நுழைந்தது. அவ்வளவுதான்.

என் வாய் நின்றிருந்தது எனக்கே தெரியவில்லை. கம்பிக் கட்டு எனக்கு எதிரே அசையாமல் தொங்கியபோதுதான் தெரிந்தது. அக்கா நிறுத்தியிருந்தார். வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. "கருணா, இருக்கியா?"

"இருக்கேன்கா."

பிறகு கேட்டார்: "பாத்தியா?"

அந்த அலைவரிசையில் தளத்தில் உள்ள பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான், "லோடப் பாருங்கக்கா, ஏத்து, ஏத்து" என்றேன். அவர் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு போர் விமானங்கள் கடல் பக்கம் தாழப் பறந்து போயின. பக்கத்துக் கட்டட ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்தன. கீழே வேலை செய்த நம் பையன்கள் கைதட்டி விசில் அடித்தார்கள்.

கிரேன் பக்கத்தில் எது பறந்தாலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பாதுகாப்பு விதியில் இருக்கிறது. பெரும்பாலும் பட்டம், பலூன், யாரோ விட்ட டிரோன். அக்கா இறங்கி வந்ததும் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பினார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டாராம். "கிரேன் பக்கத்துல பறந்துச்சு. எழுதச் சொல்லித்தான படிவம் வச்சிருக்கீங்க" என்றாராம் அக்கா. இரண்டு நாள் கழித்து விமானப்படையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

வந்தவர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தளத்திலிருந்து யாராவது டிரோன் விட்டார்களா என்று பார்த்தார்கள். காற்றின் பதிவைப் பார்த்தார்கள். கிரேனுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று அது தானாகவே பதிந்துவைக்கும். அன்று காலை லோடு நடுவானில் இருக்கும்போது கிரேன் நாற்பது விநாடி நின்றதாக அதில் இருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். "குரல் நின்னுச்சு சார். அதான் நிறுத்தினேன்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூவரில் ஒருவர் தமிழ் இளைஞர். எனக்கு ஆங்கிலம் சிரமமாக இருக்கும் என்று நினைத்து, பள்ளியில் படித்த தமிழில் கேட்டார். "திரு. கருணாகரன், அன்று காலை தாங்கள் வானத்தில் ஏதேனும் கண்டீர்களா?" வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்த வாரம் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை, கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். படைக்காரர்களின் காகிதத்தில், வானத்தில் என்னவோ பார்த்தவன் என்று என் பெயர் ஏறினால் பெர்மிட் என்ன ஆகும்? ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பயம் முழுக்க என்னுடையது.

"இல்ல சார். நான் எதையும் பாக்கல" என்றேன்.

"பிறகு ஏன் தங்கள் குரல் நாற்பது விநாடி நின்றது?"

"வாக்கி டாக்கி பேட்டரி போயிடுச்சு சார். மாத்தினேன்."

அதை அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்தால் அக்கா ஒற்றை ஆளானார். தளத்திலேயே உயரத்தில் இருந்த ஒரே ஒருவர் மட்டும் பார்த்தது, கீழே இருந்தவர் பார்க்காதது என்று ஆகிவிட்டது. படைக்காரர்கள் அவரைப் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. என்னவென்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிரச்சினை அவர்கள் போன பிறகு வந்தது. இல்லாததைப் பார்க்கிற ஒருவரைக் கிரேனில் ஏற்றலாமா என்று எங்கள் நிறுவனத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் எந்தக் குறையும் இல்லை என்று வந்தது.

"கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர் எழுதிட்டாரு" என்று உணவு மேசையில் அக்கா சொல்லிச் சிரித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். "கண்ணு கெட்டுப்போயிருந்தாகூட கிரேன்ல விட்டுருப்பாங்க போல. கண்ணு நல்லாருந்தா இன்னும் மோசம் லா. பாத்தது நெசம்னு ஆயிடுதுல்ல?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

"கொஞ்ச நாள் ஓய்வு" என்று அவரைக் கீழே வைத்தார்கள். கொக்கிகளையும் கயிறுகளையும் சரிபார்த்து, அதற்கு அடையாளமாக மாதா மாதம் நிற நாடா ஒட்டும் வேலை. கொஞ்ச நாள் என்பது பல மாதமானது. அந்தக் கட்டடம் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. அக்கா மறுபடி ஏணியில் கால் வைக்கவே இல்லை. தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கொக்கியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே, மேலே வேறு யாரோ ஓட்டும் கிரேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் அவருக்கு "தட்டு அக்கா" என்று பெயர் வைத்தீர்கள். பறக்கும் தட்டு பார்த்தவராம். அவரும், "என்னா லா, தட்டுல இன்னிக்கு என்னா சோறு?" என்று உங்களோடு சேர்ந்து சிரித்தார். உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு உண்மை தெரியாது.

அந்த நாட்களில் யாராவது அவரைச் சீண்டி, "நெசமா சொல்லுங்கக்கா, அது என்னதான்?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "என்னான்னு கேட்டா தெரியாது. பாத்தியான்னு கேட்டா பாத்தேன். தெரியலன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கம் கிடையாது." இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். திரும்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னிடம் அவர் காட்டிய ஒரே மாற்றம் ஒரு கேலி. அதுவரை என்னைப் பார்த்தால் "சாப்டியா?" என்பார். அதற்குப் பிறகு, "என்னா கருணா, பேட்டரி இருக்கா?" என்பார். காலையில் தளத்துக்குள் நுழையும்போது, லிட்டில் இந்தியாவில் கூட்டத்துக்கு நடுவில் எதிரே வரும்போது, தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டால், முதல் வார்த்தை அதுதான். "இருக்குக்கா" என்பேன். சிரிப்பார். தெரிந்துதான் கேட்கிறாரா, சும்மா கேட்கிறாரா என்று ஆறு வருடமாக எனக்குள் ஒரு குடைச்சல். பெர்மிட் புதுப்பித்து வந்தது; மகள் கல்லூரிக்குப் போனாள்; நானும் வழி சொல்லும் வேலையிலிருந்து மேற்பார்வையாளன் ஆனேன், ஆள் குறையும் நாளில் இன்றும் வாக்கி டாக்கி பிடிக்கிறேன். அந்தக் குடைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. வேலை நேரத்தில் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது அதனால்தான். லோடைப் பார்க்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஃபேரர் பார்க்கில் ஒரு கோப்பிக் கடையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார். நெஞ்சில் ஏதோ படபடப்பு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்றார். கோப்பி வந்தது. மகன் கல்யாணப் பேச்சு, புளோக்கில் லிஃப்ட் பழுது, எல்லாம் பேசினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்று சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். இதை நான் இதற்கு முன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்திருக்கிறேன்.

"அக்கா, அன்னிக்குக் காலையில..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து மேசையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பேருந்து ஒன்று போனது. அவர் காத்திருந்தார். கையை அசைக்கவே இல்லை. குரல் நின்றால் தன் கை நிற்கும் என்று சொன்னவர் அப்படித்தான் இருந்தார். கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

"பேட்டரி போயிடுச்சா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"சரி லா. குடி, ஆறுது" என்று என் குவளையை என் பக்கம் நகர்த்தினார். மழை தூறத் தொடங்கியது. அவர் குடையை விரித்துச் சாலையைக் கடந்து போனார். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் கோப்பியைக் குடித்தேன்.

இழவு நாளன்று வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் துணி கட்டி, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்காவின் தலைமாட்டில் அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தூண் பக்கமாகப் போனேன், தபால் பெட்டிகள் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். பிரகாஷ் என்னைக் கண்டு எழுந்து வந்தார். "அம்மா போன்ல இருந்த எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன் அங்கிள். ஒண்ணு கேக்கணும். உங்க நம்பர அம்மா 'கருணா பேட்டரி'ன்னு சேவ் பண்ணியிருக்காங்க. நீங்க பேட்டரி கடை வச்சிருந்தீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பிரகாஷ் அனுப்பிய செய்தி இன்னொருவருக்கும் போயிருந்தது. படையிலிருந்து வந்த அந்தத் தமிழ் அதிகாரி. இப்போது முன்தலையில் முடி குறைந்திருக்கிறது, தமிழ் இளகியிருக்கிறது. மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வருடத்துக்கு ஒருமுறையாவது அக்கா தனக்குப் போன் செய்து, "அது என்னான்னு தெரிஞ்சுதா சார்?" என்று கேட்பார் என்றார். இவரும் ஒவ்வொரு முறையும், "இன்னும் இல்லம்மா" என்று சொல்வாராம்.

"உங்க பேட்டரி கதைய நான் அப்பவே நம்பல" என்றார், குரலைத் தாழ்த்தி. "நீங்க சொன்னதும் திரும்ப அவங்ககிட்டப் போனேன். அவரு பேட்டரி போச்சுங்கறாரு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு மூணு தடவ கேட்டேன். அவனும் பாத்திருப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களத் திரும்பக் கூப்பிட்டிருப்பேன். அவங்களுக்கும் ஒரு சாட்சி கெடச்சிருக்கும்."

"என்ன சொன்னாங்க சார்?"

"'அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவன் பெர்மிட்ல இருக்கிறவன் சார், அவனப் போட்டு நோண்டாதீங்க'ன்னாங்க."

அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டது. அந்தக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. பார்த்தவர் ஒருவர் என்றுதான் இன்றும் அதில் இருக்கிறது. யாராவது புதிதாகச் சொல்ல வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

ஆக, அக்காவுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். என் குரல் எதற்காகவும் நிற்காது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். அது நின்ற அந்த நாற்பது விநாடியே அவருக்குப் போதுமான சாட்சி. நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மேலே இருந்தபடியே தெரிந்துகொண்டார். என் பொய்யைத் தானும் சேர்ந்து தாங்கினார். அதற்கு விலையாகத் தன் கிரேனைக் கொடுத்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. ஆறு வருடம் "பேட்டரி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போதாவது சொல்லுவாயா என்று கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டால் எனக்குச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

என் பெர்மிட் அடுத்த மாதம் மறுபடி புதுப்பிப்புக்குப் போகிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனாலும் நேற்று அந்த அதிகாரிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். அவரிடம் சொல்லப்போவதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவரைத் தட்டு அக்கா என்று கூப்பிட்டவர்கள் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள். உங்களை அப்படிக் கூப்பிட விட்டவனும் இங்கேதான் நிற்கிறான்.

அக்காவிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், அவருடைய ஹெல்மெட் எனக்கு வேண்டாம். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. பிரகாஷ், நீங்கள் அன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பேட்டரி கடை எதுவும் கிடையாது. அம்மாவின் போனில் அந்தப் பெயரை மாற்றாதீர்கள். அது எனக்கு அவர் வைத்த பெயர், நான் வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நான் கொடுக்கப்போகும் வாக்குமூலம் இவ்வளவுதான். அன்று காலை எட்டு மணிக்கு, பத்தாவது மாடியில் நின்று, தனலெட்சுமி பார்த்ததை நானும் பார்த்தேன். அது என்னவென்று தெரியாது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.